நிரஞ்சனி அக்காவின் நான்கு திரைகள்

நிரஞ்சனி அக்கா கலஹாவுக்கு முதல் தடவை வந்த அன்று எல்லாரும் அவரை மிட்வைஃப் என்றுதான் நினைத்தார்கள். கறுப்புக் குடை, தோளில் கறுப்புப் பை, தட்டைச் செருப்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. பேராதனை பஸ்ஸிலிருந்து இறங்கி, ரோட்டோரமாக நின்று கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து நல்லம்மா அக்கா நேரே அவரிடம் போய், "மிஸ், எம் மருமகளுக்கு ஏழாவது மாசங்க. அடுத்த கிளினிக்கு என்னைக்குங்க?" என்று கேட்டே விட்டார்.

"ஐயோ அம்மா, நான் கொம்பியூட்டர் பார்க்க வந்தனான்," என்றார் அவர். சொல்லிவிட்டுச் சும்மா போகவில்லை. "ஏழாம் மாசமெண்டா கவனமாப் பாருங்கோ," என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். நல்லம்மா அக்கா திரும்பிப் போகும்போது, இது எந்த ஊர்த் தமிழ் என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் கடை வாசலில் விளக்குமாற்றோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேடிய கடை எங்கள் கடைதான். ஸனா கொமியுனிகேஷன். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், டைப்பிங், ஸ்கேன் எல்லாம் செய்கிற கடை. முதலாளி ஸுலைஹா அக்கா. கணவர் வெளிநாட்டில். மகள் ஸனாவின் பெயரைக் கடைக்கு வைத்து, ஒரே ஆளாக நடத்திவந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கூட்டித் துடைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கொப்பி மெஷின், அதற்குப் பிறகு ஸ்கேன் என்று கைக்கு வந்தது. ஆட்களோடு பேசுவதுதான் வரவில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் ஸுலைஹா அக்காவின் முகத்தைப் பார்ப்பேன்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது. புதுக் கம்ப்யூட்டர் என்று வாயால் சொல்லவும் முடியாத விலை. கடையில் இருந்தவை இரண்டு பழைய மெஷின்கள். கொப்பி அடித்த விண்டோஸ் போட்டிருந்தோம். ஆட்கள் கொண்டுவரும் பென் டிரைவ் ஒவ்வொன்றிலிருந்தும் வைரஸ் ஏறும். ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். நிரஞ்சனி அக்காவைப் பற்றி ஸுலைஹா அக்காவின் தங்கை யாரிடமோ கேட்டுச் சொல்லியிருந்தார். பழைய மெஷினுக்கு லினக்ஸ் போட்டு ஓட வைக்கிற ஒரு பெண் பேராதனையில் இருக்கிறார், வைரஸ் ஏறாதாம், விலை கொடுத்து வாங்கவும் வேண்டாமாம் என்று.

நிரஞ்சனி அக்கா அன்று மெஷின்களைத் திறந்து, உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டினார். ஒரு மெஷின் ஓரளவு நல்லது. மற்றது, நான் ஸ்கேன் செய்கிற மெஷின், மிகப் பழையது. அவர் அதை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுக்கு முழு டெஸ்க்டொப் தாங்காது அக்கா," என்றார் ஸுலைஹா அக்காவிடம்.

"அப்டீன்டா என்னா?"

"ஒரு ஜன்னலைத் திறக்கிறீங்கள். அதுக்குச் சட்டம் போட்டு, இழுக்க, மூட, ஒளிக்க வசதி செய்து தாறது ஒரு சின்ன புரோகிராம். அது மட்டும் இருந்தாலே காணும், வேலை நடக்கும். அதோட அடியில ஒரு வரிசை, படம், ஐகன், மணிக்கூடு எண்டு முழு வீடும் கட்டித் தாறது டெஸ்க்டொப். அந்த மெசினுக்கு வீடே கட்டித் தரலாம். இதுக்கு ஜன்னல் சட்டம் மட்டும்தான்."

"விண்டோஸ் மாதிரி ஈக்குமா? ஸ்டார்ட் பட்டன் ஈக்குமா?"

"அதில இருக்கும். இதில இராது."

"ஸ்டார்ட் பட்டன் இல்லாம எப்டி ஸ்டார்ட் பண்ற?" என்று ஸுலைஹா அக்கா கேட்டார். நிரஞ்சனி அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அந்தப் பழைய மெஷின், போட்டு ஒரு மூச்சு விடுவதற்குள் தயாரானது. வெறும் நீலத் திரை. மவுஸில் வலப் பக்கம் அழுத்தினால் ஒரு சிறிய பட்டியல் வரும், அதில் ஸ்கேன், டைப்பிங், பிரவுசர். அவ்வளவுதான். மேசைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டரின் ப்ளக்கில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினார். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மெஷினை ஓட வைக்கிற யூ.பி.எஸ் பெட்டியின் பின்னால் இரண்டு வரிசை ஓட்டைகள். பற்றரியில் ஓடுகிற வரிசையில் அந்தச் சிவப்பு ப்ளக் இருக்க வேண்டும், பிரிண்டரை மற்ற வரிசையில் போட வேண்டும் என்றார். பிறகு என்னைக் கதிரையில் உட்காரவைத்தார்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்கோ. இதில நாலு திரை இருக்கு. எல்லாத்தையும் ஒண்டில குவிக்கத் தேவையில்ல. ஒண்டில ஸ்கேன், ஒண்டில டைப்பிங் எண்டு வைக்கலாம். வெறும் இடத்தில மவுஸின்ர சில்லை உருட்டினா அடுத்த திரைக்குப் போகும். ஜன்னல் ஒண்டும் அழியாது, பக்கத்துத் திரையில நிக்கும். மற்றப் பக்கம் உருட்டினா திரும்பி வரும். விளங்குதோ?"

"விளங்குதுங்க," என்றேன்.

விளங்கவில்லை. அவர் பேசிய தமிழே எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒரு கண்ணாடிக்குள் எப்படி நாலு திரை இருக்கும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளங்குதா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. இல்லை என்று சொன்ன பிள்ளை மணி அடிக்கும்வரை நிற்கும். ஸுலைஹா அக்காவும் இரண்டு வாடிக்கைக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் மடைச்சியாக எனக்கு மனமில்லை.

அதன்பின் நிரஞ்சனி அக்கா மாதம் ஒரு தடவை வந்தார். ஸுலைஹா அக்கா சொன்ன நல்ல வார்த்தையால் தெல்தோட்டை வரைக்கும் இன்னும் மூன்று கடைகள் அவரைக் கூப்பிட்டன. கலஹாவில் ஒரு புத்தகக் கடை, இடையில் ஒரு ஸ்டூடியோ, தெல்தோட்டையில் ஹபீல் நானாவின் கடை. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் திரும்பிப் போவார். அதுதான் அவருடைய பிழைப்பு. அவருக்குப் பெயர்ப்பலகை இல்லை, கடை இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற வார்த்தைதான் அவருடைய கடை.

பையில் ஒரு பெங்குவின் படம் ஒட்டியிருக்கும். லினக்ஸின் அடையாளமாம். எங்கள் ஆட்களுக்கு அது வாத்தாகத்தான், எங்கள் பேச்சில் தாராவாகத்தான் தெரிந்தது. "தாரா மிஸ் வந்துட்டாங்க," என்று கடைத்தெருவில் சத்தம் கேட்டால், பத்து நிமிஷத்தில் அவர் எங்கள் கடைக்குள் நுழைவார் என்று அர்த்தம்.

அவர் தேநீருக்குச் சீனி போடமாட்டார். யாருடைய மெஷினையும் திறக்குமுன் அதில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்பார். மெஷின் ஏதாவது இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொஞ்சம் பேசுவார். ஊர் வவுனியாவுக்கு அப்பால். பேராதனை கெம்பஸில் விஞ்ஞானம் படிக்க வந்தவர். மூன்றாம் வருஷம் நின்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு கண்டி நகரத்தில் ஒரு கடையில் பழுது பார்த்தாராம். "அங்க வாற ஆக்கள் எல்லாரும், ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ எண்டு கேப்பினம். நான் கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டு திருத்திக் குடுப்பன்," என்றார். அதை விட்டு, தனியாகச் சுற்ற ஆரம்பித்து ஆறு வருஷம்.

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்தேழு குடும்பத்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள். வீட்டுக் காணிக்கு விண்ணப்பம் போட, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணப் பதிவு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க அரசாங்க அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். தோட்டத் தலைவர் அழகையா மாமா எல்லாரையும் கூட்டி வந்தார். அன்றைக்கு அவர்கள் யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஒரு நாள் பேர் போய்விட்டது. எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் என்பது ஒரு பேர்தான். செக்ரோல் என்கிற வருகைப் பதிவில் பேர் விழவில்லை என்றால் அந்த நாள் இல்லாத நாள்.

காலையிலிருந்து இரண்டு மணிவரை நூற்றுநான்கு பக்கம் ஸ்கேன் செய்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு சேவ் பண்ணச் சொல்லி நிரஞ்சனி அக்கா சொல்லித் தந்திருந்தார். நான் அப்படிச் செய்யவில்லை. என் சொந்த ஆட்கள் சுற்றி நின்று பார்க்கும்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க வெட்கமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் ஆறுதலாக சேவ் பண்ணலாம் என்று அப்படியே அடுக்கிக்கொண்டே போனேன். இரண்டு மணி பஸ்ஸுக்கு எல்லாரும் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்கு வந்து பென் டிரைவை எடுப்பதாக அழகையா மாமா சொன்னார்.

ஸுலைஹா அக்கா தொழுவதற்கு உள் அறைக்குப் போயிருந்தார். மேசையில் ஈரக் கை, மண் எல்லாம். மேசையைத் துடைத்தேன். மவுஸையும் துணியால் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒன்றுமில்லை. வெறும் நீலம். நூற்றுநான்கு பக்கமும் இல்லை.

நான் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். நிரஞ்சனி அக்கா சொன்ன நாலு திரை அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. விளங்காத ஒன்று எப்படி நினைவுக்கு வரும். உள் அறையில் தொழுகைப் பாயை மடிக்கும் சத்தம் கேட்டது. நான் மேசைக்குக் கீழே குனிந்து, சிவப்பு நூல் கட்டிய ப்ளக்கைப் பிடுங்கினேன். பிறகு திரும்பச் செருகி, மெஷினைப் போட்டேன்.

நிறுத்திப் போட்டால் எல்லாம் திரும்பி வரும் என்று நினைத்துத்தான் பிடுங்கினேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. மெஷின் தானாக அணைந்தால் அது யாருடைய பிழையும் இல்லை என்று நினைத்துத்தான் பிடுங்கினேன்.

"என்னா புள்ள, ஏன் இப்டி நிக்கிற?"

"தானா அணைஞ்சிருச்சுக்கா. எல்லாம் போயிருச்சு."

ஸுலைஹா அக்கா தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே! அந்தப் பொம்புள போட்ட சாமான்தான்! ஸ்டார்ட் பட்டனும் இல்ல, ஒரு எழவும் இல்லன்டு அன்டைக்கே எனக்கு மனசு சொல்லிச்சி."

யாருடைய பிழையும் ஆகாது என்று நான் நினைத்தது அரை நிமிஷத்தில் இன்னொருவருடைய பிழையாகிவிட்டது. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஸுலைஹா அக்கா போன் எடுத்ததில், மறுநாள் முதல் பஸ்ஸில் நிரஞ்சனி அக்கா வந்தார். அழகையா மாமாவும் வந்திருந்தார். திரும்பவும் எல்லாரும் வர வேண்டும், இன்னொரு பேர் போகும் என்று தெரிந்ததும் அவர் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் அவர் கோபத்தையும் சிரிப்பாகத்தான் பேசுவார்.

"மிஸ், ஒங்க தாரா எங்க கடதாசியெல்லாம் முழுங்கிருச்சே! முட்டையாவது போடுமா, இல்ல வயித்தக் கீறித்தான் எடுக்கணுமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நிரஞ்சனி அக்கா சிரிக்கவில்லை. "அண்ணை, ஒருக்காப் பார்த்திட்டுச் சொல்லுறன்," என்று மேசைக்குக் கீழே குனிந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். எழுந்தபோது முழங்காலில் தூசி ஒட்டியிருந்தது.

"நேற்று கரண்ட் போனதோ அக்கா?"

"இல்லயே. ஃபேன் ஓடிக்கிட்டே ஈந்திச்சி."

"பக்கத்து மெசின்?"

"அதும் நல்லாத்தான் ஈந்திச்சி. ஒங்கட இந்த ஒன்டுதான்."

அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, என்ன நடந்தது?"

"தானா அணைஞ்சிருச்சுங்க," என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சரி," என்றார். அவ்வளவுதான். நான் தலையைத் தூக்கியபோது அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸுலைஹா அக்காவிடம் திரும்பி, "மெசின் பழசு. என்னெண்டு சரியாச் சொல்ல ஏலாது. ஆக்கள் வரட்டும், நானே இருந்து ஸ்கேன் பண்ணித் தாறன்," என்றார்.

அன்று முழுவதும் மற்ற மெஷினில் உட்கார்ந்து, இருபத்தேழு குடும்பத்தையும் ஒவ்வொன்றாக சேவ் பண்ணி, நாலு மணிக்கு பென் டிரைவை அழகையா மாமாவின் கையில் கொடுத்தார். வந்த ஆட்கள் ஒவ்வொருவரும் ஏதாவது சொன்னார்கள். நல்லம்மா அக்கா, "மிட்வைஃப் வேலையாவது பார்த்திருக்கலாம்ங்க," என்றார். நிரஞ்சனி அக்காவுக்கு நான் கடதாசி எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் அதை யாருக்கும் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிரஞ்சனி அக்காவின் பிழைப்புத்தான் போனது. "இனி நீங்க வர வாணாம்," என்று ஸுலைஹா அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார். கண்டியிலிருந்து ஒரு தம்பி வந்து, பழைய மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த வேறொன்றில் விண்டோஸ் போட்டான். ஸுலைஹா அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் வாய் நிற்காது. புத்தகக் கடையில் சொன்னார், ஸ்டூடியோவில் சொன்னார், ஹபீல் நானாவுக்கு போன் எடுத்துச் சொன்னார். தோட்டத்து ஆட்கள் நூறு பேரின் கடதாசியைத் தின்ற சாமான் என்று கதை வளர்ந்தது. அடுத்த முதல் செவ்வாய்க்கிழமை தாரா மிஸ் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை.

மற்ற மெஷினில் இன்னும் லினக்ஸ்தான் ஓடியது. அந்தத் தம்பிக்கு அதை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. அதில் முழு டெஸ்க்டொப், கீழே ஒரு வரிசை, வரிசையின் மூலையில் நாலு சிறிய கட்டங்கள். மார்கழியில் ஒரு நாள் ஒரு ஆசிரியருக்குப் பரீட்சைத் தாள் டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். ஜன்னலைச் சிறிதாக்கிவிட்டு மவுஸை வெறும் இடத்துக்கு நகர்த்தினேன். விரல் மவுஸின் சில்லில் பட்டது. தாள் காணாமல் போனது.

அன்று போலவே வெறும் திரை. ஆனால் இந்தத் தடவை மூலையில் இருந்த கட்டங்களைப் பார்த்துவிட்டேன். நாலு கட்டத்தில் ஒன்றில் மட்டும் தபால் முத்திரையிலும் சின்னதாக ஒரு ஜன்னலின் வடிவம். பக்கத்துக் கட்டம் வெளிச்சமாக இருந்தது, அது காலியாக இருந்தது. சில்லை மற்றப் பக்கம் உருட்டினேன். தாள் வந்தது. விட்ட இடத்தில், அடித்துக்கொண்டிருந்த சொல்லின் பாதியில் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நான் இன்னொரு தடவை உருட்டினேன். போனது. உருட்டினேன். வந்தது. ஆசிரியர், "என்ன விளையாட்டு இது?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அன்று நூற்றுநான்கு பக்கமும் அழியவில்லை. பக்கத்துத் திரையில் பத்திரமாக நின்றன. அவற்றை அழித்தது மவுஸ் இல்லை, மெஷின் இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து நான் பிடுங்கிய ப்ளக்.

அதுவரைக்கும் என் பொய்யை ஒரு சின்னப் பொய்யாக வைத்துக்கொண்டிருந்தேன். எப்படியும் அழிந்துபோனதுதானே, எப்படி அழிந்தது என்பதில்தான் பொய் என்று. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை.

பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை நாளில் கடை பூட்டு. பேராதனைக்கு பஸ் ஏறினேன். நிரஞ்சனி அக்கா கலஹா வீதி தொடங்குகிற இடத்தில் ஒரு சிங்கள வீட்டின் பின்பக்கத்து அறையில் இருப்பதாகத் தெரியும். வீட்டு அம்மாவிடம் கையால் கம்ப்யூட்டர் தட்டுவதுபோல் காட்டி வழி கேட்டேன்.

நிரஞ்சனி அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வியப்படையவில்லை. வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, "வாங்கோ," என்று உள்ளே கூட்டிப் போனார். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சுவரோரம் திறந்து கிடந்த நாலைந்து மெஷின்கள். ஒரு கதிரைதான் இருந்தது. அதை எனக்குத் தந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பஸ்ஸில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "ப்ளக்க நான்தான் பிடுங்கினேங்க," என்று மட்டும் வந்தது.

"தெரியும்," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"சிவப்பு நூல் கட்டின ப்ளக் பிரிண்டர் வரிசையில கிடந்தது. நான் அதை அங்க போடேல்ல. ஸுலைஹா அக்கா மேசைக்குக் கீழ குனியிற ஆளும் இல்ல."

"அப்ப ஏங்க சொல்லல?"

"சொன்னா?" அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீங்கள் அழுவீங்கள். அவ உங்கட கண்ணீரை நம்புவாவோ, என்ர லினக்ஸை நம்புவாவோ? கள்ளி எண்டு ஒரு பிள்ளையை எல்லாருக்கும் முன்னால காட்டிப்போட்டு அடுத்த மாசம் அதே கடைக்கு வந்து நான் தேத்தண்ணி குடிக்கிறதோ?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வாளியிலிருந்து வாசலில் வடிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுற முகம் எனக்குத் தெரியும் தங்கச்சி. கண்ணாடியில பார்க்கிறனான். ஒரு பாடம் மூண்டு தரம் எழுதியும் வரேல்ல, கெம்பஸை விட்டிட்டன். அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது. பட்டமளிப்புப் படம் எங்க, எங்க எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறா. கமரா பழுது எண்டன், பிறகு ஸ்டூடியோவில துலைச்சுப் போட்டினம் எண்டன். பதினாலு வருசமா ஒரு ஸ்டூடியோக்காரன் என்ர பழியைச் சுமக்கிறான். அப்பிடி ஒருத்தன் இல்லவே இல்ல, அது ஒரு நல்ல காலம்." அவர் சிரித்தார், ஆனால் அது சிரிப்பில்லை. "உங்கட கதையில ஆள் இருக்கு. அதுதான் வித்தியாசம்."

நான் அவருடைய காலைத் தொடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். "இதெல்லாம் வேண்டாம். என்னட்டச் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது? எனக்குத் தெரிஞ்ச கதைதானே. தெரியாத ஆக்களிட்டச் சொல்லுங்கோ. அங்கதான் என்ர பேர் கிடக்கு."

அடுத்த நாள் கடை திறந்ததும் ஸுலைஹா அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் ரீலோட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் பேனையை வைத்தார். முதலில் திட்டினார். நன்றாகத் திட்டினார், வெளியே போகிறவர்கள் நின்று பார்க்கும்படி. "சோறு போட்ட கடையில பொய் சொல்ல ஒனக்கு எப்டி மனசு வந்திச்சி! நான் ஒன்ன அடிச்சேனா, கடிச்சேனா?" பிறகு திடீரென்று நிறுத்திக்கொண்டார். அவர் முகம் மாறியது. அவர் எங்கெங்கே என்னென்ன சொன்னார் என்பது அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஹபீல் நானாவுக்கெல்லாம் நான் கோல் எடுத்துச் சொன்னேனே," என்றார் மெதுவாக. "இப்ப எந்த மொகத்தோட திரும்பக் கதைக்கிற?"

"நான் போய்ச் சொல்றேங்க."

"நீயா? நீ கடைக்கு வாற ஆள்ட வாயே தொறக்க மாட்டியே."

"போறேங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் எறச்சத நீ பொறுக்கப் போற. போ. வேலையால நிப்பாட்ட மாட்டன், பயப்புடாத. நிப்பாட்டினா நாளைக்கி இன்னொரு பிழ நடக்கிற நேரம் எவள் எனக்கு உண்மையச் சொல்லுவா?" சொல்லிவிட்டு அவருக்கே அது கூச்சமாகப் பட்டதுபோல, கொப்பி மெஷினைத் திறந்து மூடினார்.

தோட்டத்தில் அழகையா மாமாவிடம் முதலில் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். "அப்ப தாரா இங்கதான் இருந்திருக்கு! நாங்க பேராதனையில தேடுறோம்!" நல்லம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பேர் போச்சேடி எனக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சிரித்ததைவிட அது வலித்தது. இப்போதும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பிள்ளைகள் என்னைப் பார்த்து தாரா மாதிரிச் சத்தம் போடுவார்கள்.

புத்தகக் கடைக்காரர் நான் சொல்லி முடிக்கும்முன்பே கையை அசைத்தார். "சரி சரி, அந்த மிஸ்ஸ வரச் சொல்லுங்க. இந்த விண்டோஸும் ஒன்னும் சொர்க்கமில்ல." ஸ்டூடியோவில் முதலாளி இல்லை. அவர் மனைவி கேட்டுவிட்டு, "இதச் சொல்லவா நடந்து வந்தீங்க?" என்று ஒரு மாதிரிப் பார்த்தார். அவரிடம் சொல்வதாகச் சொன்னார். மறுபடியும் போனேன், முதலாளியிடமே சொன்னேன். அவரும் நிரஞ்சனி அக்காவை வரச் சொன்னார்.

தெல்தோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹபீல் நானாவின் கடையில் கூட்டம். ஆட்கள் போகட்டும் என்று அரை மணித்தியாலம் வெளியே நின்றேன். போகப் போக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எல்லாரும் இருக்கும்போதே உள்ளே போய்ச் சொன்னேன். பாதியில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"உண்மையச் சொன்னதுக்கு நல்லது தங்கச்சி," என்றார். "ஆனா நான் இப்ப புது மெசின் ரெண்டு எடுத்திட்டன். அதோட விண்டோஸ் வந்திரிச்சி. மாத்தச் சொல்லாதீங்க. மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா பழைய மெசின்லேயே ஓட்டியிருப்பேன். அந்தப் புள்ளைக்கும் வேல ஈந்திருக்கும்."

மூன்று மாதம். அவர் போட்ட கதிரையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று நிரஞ்சனி அக்காவுக்கு போன் எடுத்தேன். நான் அவருக்கு எடுத்த முதல் போன் அதுதான். புத்தகக் கடையும் ஸ்டூடியோவும் கூப்பிடுவார்கள், ஸுலைஹா அக்காவும் வரச் சொன்னார், ஹபீல் நானா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார், புது மெஷின் வாங்கிவிட்டாராம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு மெஷினின் விசிறி ஓடுவது கேட்டது.

"ஸுலைஹா அக்கான்ர கடைக்கு நான் வரேல்ல," என்றார். "கோபத்தில இல்ல. ஏலாது. மற்ற ரெண்டுக்கும் செவ்வாய்க்கிழமை வாறனெண்டு சொல்லுங்கோ."

"சரிங்க."

"ஹபீல் நானான்ர கடையிலதான் மூண்டு மெசின் இருந்தது," என்றார். பிறகு, "சரி, வைக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

முதல் செவ்வாய்க்கிழமைகளில் அவர் கலஹாவில் இறங்குவதைக் கடை வாசலிலிருந்து பார்க்கிறேன். புத்தகக் கடைக்குப் போக எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தலையை அசைப்பேன். அவரும் அசைப்பார். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்து போவார்.